டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்

புதிதாகக் கார் வாங்குகிறவரிடம் சாவியைக் கொடுக்கும்போது, கம்பெனிக்காரர் ஒரு புத்திமதி சொல்லுவார். முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பறக்கக் கூடாது, நிதானமாக ஓட்ட வேண்டும் என்பார்.

வாங்கியவருக்கு இது பிடிக்காது. கை நிறையப் பணம் கொடுத்து வாங்கியது கட்டை வண்டி போலப் போவதற்கா என்று நினைப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளும் வேகமாகப் போகச் சொல்லிக் கூச்சல் போடும்.

ஆனால் என்ஜின் புதியது. அதன் உறுப்புகள் ஒன்றோடு ஒன்று இன்னும் பழகவில்லை. புதுக் காளையை வண்டியில் பூட்டிப் பழக்குவது போல, புது என்ஜினையும் பழக்க வேண்டும். மெக்கானிக்குகள் இதை ரன்னிங் இன் என்று சொல்லுவார்கள். டர்போ வைத்த கார் என்றால் கவனம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

ஒரு மனிதர் தாம் உருவாக்கிய புது என்ஜினை நான்கு ஆண்டுகள் பொறுமையோடு பழக்கினார். உலகமே அவரைத் திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு பணம் வந்தது. பணத்தோடு அவசரமும் வந்தது. பழகாத என்ஜின்கள் விலைக்குப் போயின. அவருடைய வாழ்வும் நிலை குலைந்தது.

அவர்தான் ருடால்ப் டீசல். பங்கில் வண்டியை நிறுத்தி டீசல் கேட்கிறோமே, அது முதலில் எண்ணெயின் பெயர் அல்ல. இந்த மனிதரின் பெயர்.

தள்ளுவண்டிச் சிறுவன்

டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் மாதம் 18-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர்கள். தகப்பனார் தியோடர் டீசல், ஆக்ஸ்பர்க் என்ற ஜெர்மன் நகரத்துக்காரர். புத்தகம் கட்டும் தொழில் தெரிந்தவர். பிழைப்புக்காகப் பாரிஸ் வந்து, தோல் சாமான்கள் செய்து விற்று வந்தார். தாயார் பெயர் எலிஸ்.

வீட்டில் பணம் புரளவில்லை. செய்து முடித்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்து, வாடிக்கைக்காரர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது சிறுவன் ருடால்பின் வேலை.

பாரிசில் இயந்திரங்களுக்கென்றே ஒரு பொருட்காட்சி சாலை உண்டு. ஓய்வு கிடைத்தால் ருடால்ப் அங்கே ஓடிவிடுவான். குன்யோ என்ற பிரெஞ்சு ராணுவ என்ஜினீயர் 18-ம் நூற்றாண்டில் செய்த நீராவி வண்டி அங்கே இருந்தது. குதிரை இல்லாமல் ஓடிய அந்த வண்டியைப் பார்ப்பதில் அவனுக்கு அலுப்பே வராது.

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் யுத்தம் மூண்டது. பாரிசில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. படிப்பில் கெட்டிக்காரன் என்று ருடால்புக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்ததும் அந்த ஆண்டில்தான். அடுத்து அவன் கண்டது அகதி வாழ்க்கை. குடும்பம் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது.

லண்டனில் பிழைப்பது எளிதாக இல்லை. பையனின் படிப்பாவது கெடாமல் இருக்கட்டும் என்று, தாயார் அவனைத் தனியே ஆக்ஸ்பர்க் நகருக்கு அனுப்பினார். அங்கே உறவினர் ஒருவர் தொழிற்பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தார். அவர் வீட்டில் தங்கி ருடால்ப் படித்தான். அப்போது வயது 12.

14-வது வயதிலேயே, தான் என்ஜினீயர் ஆகப் போவதாகப் பெற்றோருக்குக் கடிதம் எழுதிவிட்டான். வகுப்பில் எப்போதும் முதலிடம். சீக்கிரம் ஒரு வேலையில் சேர்ந்து நாலு காசு கொண்டுவந்தால் போதும் என்பது பெற்றோரின் ஆசை. நல்ல வேளையாக 1875-ல், மூனிக் நகரத் தொழில் நுணுக்கக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் இடம் கிடைத்தது.

நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய்

மூனிக்கில் கார்ல் லிண்டே என்ற பேராசிரியர் இருந்தார். குளிர்பதன இயந்திரங்களில் பெரிய மேதை. ஒரு நாள் வகுப்பில் அவர் நீராவி என்ஜினைப் பற்றிப் பாடம் நடத்தினார்.

நீராவி என்ஜினில் கரியை எரிக்கிறோம். அதில் கிடைக்கும் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு முதல் பத்துப் பங்குதான் வேலையாக மாறுகிறது. மிச்சமெல்லாம் வீண். நூறு ரூபாய்க்குக் கரி வாங்கினால், அதில் 90 ரூபாய்க்கு மேல் காற்றோடு போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கு டீசலின் மனதைக் குடைந்தது. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்திலேயே அதைக் குறித்து வைத்துக்கொண்டார். வீணாகும் வெப்பத்தை வேலையாக மாற்ற முடியாதா? வாழ்நாள் முழுவதும் அவர் துரத்திய கேள்வி இது ஒன்றுதான்.

1879-ல் கடைசிப் பரீட்சை வந்தபோது அவருக்கு டைபாய்டு ஜுரம். எழுத முடியவில்லை. அடுத்த பரீட்சை வரும் வரையில் சுவிட்சர்லாந்து நாட்டில், வின்டர்தூர் என்ற ஊரில், சுல்சர் தொழிற்சாலையில் கையில் கிரீஸ் ஒட்ட வேலை பழகினார். அதே ஊரில் அதே ஆண்டில் ஒரு குழந்தை பிறந்தது. ஆல்பிரட் பூக்கி என்று அதற்குப் பெயர். அந்தக் குழந்தை பின்னால் நம் கதைக்குள் வரும்.

1880-ல் டீசல் உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறினார். பேராசிரியர் லிண்டேயே அவரைத் தம் தொழிலில் சேர்த்துக்கொண்டார். பாரிசில் ஐஸ் தொழிற்சாலை வேலை. 1883-ல் மார்த்தா என்ற பெண்ணை மணந்தார். இரண்டு ஆண் குழந்தைகளும் ஒரு பெண் குழந்தையும் பிறந்தன.

பகலெல்லாம் ஐஸ் வேலை, மற்ற நேரமெல்லாம் என்ஜின் ஆராய்ச்சி என்று பத்து ஆண்டுகள் ஓடின. நீராவிக்குப் பதில் அம்மோனியா ஆவியை வைத்து என்ஜின் ஓட்டப் பார்த்தார். பலிக்கவில்லை. பிறகுதான் புதிய யோசனை பிறந்தது.

சைக்கிளுக்குக் காற்று அடித்தவர்களுக்கு அந்த யோசனை சுலபமாகப் புரியும். அடிக்க அடிக்கப் பம்பின் அடிப்பக்கம் சுடுகிறது அல்லவா? காற்றை நெருக்கினால் சூடு உண்டாகும். இன்னும் நெருக்கினால் இன்னும் சூடு. பம்புக்குள் அடைபட்ட காற்றை மிக மிக நெருக்கினால், அதில் தெளித்த எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். நெருப்புப் பொறியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம்!

இந்த முறைக்கு டீசல் 1892-ல் மனுப் போட்டு, 1893-ல் பேடண்டு உரிமை பெற்றார். ஒரு சிறு புத்தகமும் எழுதி, பெரிய ஆலைகளுக்கு அனுப்பிவைத்தார். ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிக் பூஸ் முதலில் தயங்கினார், பிறகு சம்மதித்தார. பீரங்கி செய்யும் குருப் கம்பெனியும் பணம் போட முன்வந்தது. சிறுவனாக வந்து படித்த அதே ஆக்ஸ்பர்க் நகரில், 35 வயதில், டீசல் தம் முதல் என்ஜினைக் கட்டினார்.

தொப்பியைக் கழற்றிய மெக்கானிக்

1893 ஆகஸ்டு 10-ந் தேதி முதல் பரீட்சை.

என்ஜினுக்குச் சொந்தமாக ஓடத் தெரியாது. ஆலையில் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்த தண்டிலிருந்து தோல் பட்டை மாட்டி அதைச் சுழற்றினார்கள். உள்ளே காற்று நெருங்கியது. எண்ணெய் போயிற்று. அவ்வளவுதான். பீரங்கி வெடித்தது போல் ஒரு சத்தம்! மேலே மாட்டியிருந்த அழுத்தமானி சுக்குநூறாகி, அங்கே நின்றவர்களின் தலையை உரசாத குறையாகப் பறந்தது. உள்ளே ஏறிய அழுத்தம் சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 80 மடங்கு.

இன்னொருவராக இருந்தால் அன்றே கதவைச் சாத்தியிருப்பார். டீசல் சந்தோஷப்பட்டார். காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றுகிறது என்பது தெரிந்துவிட்டதே!

ஆனால் பற்றினால் மட்டும் போதாது. ஓட வேண்டும். ஓடுவதற்குக் குறுக்கே நின்றது கசிவு. பிஸ்டனுக்கும் அதைச் சுற்றியுள்ள சிலிண்டர் சுவருக்கும் நடுவே காற்று ஒழுகியது. ஒழுகினால் அழுத்தம் ஏறாது. அழுத்தம் ஏறாவிட்டால் சூடு வராது. சூடு இல்லையென்றால் எண்ணெய் பற்றாது.

இன்றைய புதுக் காரைப் பழக்குவதும் பெரும்பாலும் இந்தக் கசிவுக்காகத்தான். பிஸ்டனைச் சுற்றி வளையல் போல இரும்பு வளையங்கள் இருக்கின்றன. ரிங் என்று மெக்கானிக்குகள் சொல்லுவது இதைத்தான். புது சிலிண்டரின் சுவரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய கோடுகளைக் கீறியிருப்பார்கள். எண்ணெய் தங்குவதற்காக அந்தக் கீறல். புது வளையம் அதன் மேல் ஏறி இறங்கி உரசும்போது, கீறல்களின் கூரிய முனைகள் தேய்ந்து, வளையமும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்திக்கொள்கின்றன. புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது போல.

முதல் நாளே முழு வேகத்தில் விரட்டினால் உரசல் அதிகமாகிச் சூடேறும், சுவர் கெட்டுவிடும். அதற்காக ஒரேயடியாகத் தாலாட்டினாலும் தவறு. எரியும் வாயுவின் அழுத்தந்தான் வளையத்தைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது. பாரமே கொடுக்காமல் ஓட்டினால் வளையம் சரியாகப் படியாது. சுவர் கண்ணாடி போல மழமழத்துப் போகும். பிறகு அந்த வண்டி எந்நாளும் எண்ணெய் குடித்துக்கொண்டே இருக்கும். அடிக்காமலும் கொஞ்சாமலும் பிள்ளை வளர்ப்பது போன்ற வேலைதான் இது.

டீசலுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அவர் காலத்தில் இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்ஜினே உலகில் கிடையாது. உறுப்புகளைக் கழற்றினார், மாற்றினார், மறுபடியும் மாட்டினார். ஐந்து மாதம் போயிற்று.

1894 பிப்ரவரி 17-ந் தேதி. வழக்கம் போல் ஆலைத் தண்டு பட்டையால் என்ஜினைச் சுழற்றிக்கொண்டிருந்தது. லிண்டர் என்ற மெக்கானிக் என்ஜின் அருகே நின்று, பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று பட்டை ஒரு வெட்டு வெட்டியது. இழுக்கும் பக்கம் மாறிவிட்டது! ஆலை என்ஜினை இழுக்கவில்லை. என்ஜின் ஆலையை இழுத்தது!

லிண்டர் வாய் பேசவில்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். டீசலுக்கு அந்த மரியாதையிலேயே விஷயம் விளங்கிவிட்டது. அவரும் பேசாமல் லிண்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

என்ஜின் தன் சொந்த சக்தியில் ஓடியது ஒரே ஒரு நிமிடம். நிமிடத்துக்கு 88 சுற்று. இன்றைய கார் சும்மா நிற்கும்போதே அதைப் போல் எட்டு, ஒன்பது மடங்கு வேகத்தில் சுழல்கிறது. ஆனாலும் ஒரு குழந்தையின் முதல் அடிக்கு உள்ள மதிப்பு அந்த ஒரு நிமிடத்துக்கு உண்டு.

அதற்குப் பிறகும் டீசல் என்ஜினைச் சந்தைக்குக் கொண்டுபோகவில்லை. இன்னும் மூன்று ஆண்டுகள் அதோடு போராடினார். எண்ணெயை எப்படித் தெளிப்பது, எவ்வளவு தெளிப்பது, எந்த எண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அழுத்தமான காற்றைக் கொண்டு மண்ணெண்ணெயைத் தூவினால் நன்றாக எரிகிறது என்று கண்டார். இம்மானுவேல் லவுஸ்டர் என்ற இளம் என்ஜினீயர் துணைக்கு வந்தார். புதிதாக ஒரு பெரிய என்ஜின் உருவாயிற்று.

1897 பிப்ரவரி 17. அந்த ஒரு நிமிட ஓட்டம் நடந்து சரியாக மூன்று ஆண்டுகள். மூனிக்கிலிருந்து பேராசிரியர் ஷ்ரோட்டர் வந்து என்ஜினைப் பரிசோதித்தார். ஏறக்குறைய 18 குதிரை சக்தி. எண்ணெயின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது. உலகத்தில் எந்த என்ஜினும் அதுவரை எட்டாத அளவு அது!

பண மழை

செய்தி பரவியது. உலகெங்கும் இருந்து முதலாளிகள் ஆக்ஸ்பர்க் நகருக்குப் படை எடுத்தார்கள்.

அமெரிக்காவின் பெரிய பீர் முதலாளி அடால்பஸ் புஷ், அமெரிக்காவிலும் கனடாவிலும் டீசல் என்ஜின் செய்யும் உரிமைக்குப் பத்து லட்சம் மார்க் கொடுத்தார். நோபல் பரிசு ஏற்படுத்திய ஆல்பிரட் நோபலின் அண்ணன் மகன் இம்மானுவேல் நோபல், ரஷ்யாவுக்கான உரிமையை வாங்கினார். ஸ்காட்லாந்தில் ஒரு கம்பெனி வாங்கியது. சுவிட்சர்லாந்தில் சுல்சர் வாங்கியது. ஒரு காலத்தில் டீசல் வேலை பழகிய அதே சுல்சர்தான்.

1898-ல் டீசலின் உரிமைகளுக்கென்றே ஒரு தனிக் கம்பெனி ஏற்பட்டது. உரிமைகளின் விலை 35 லட்சம் மார்க். அதில் பெரும்பகுதி பங்குப் பத்திரங்கள். தள்ளுவண்டி தள்ளிய சிறுவன் 40 வயதில் கோடீஸ்வரர்!

இங்கேதான் தவறு நடந்தது.

பேராசிரியர் பரிசோதித்தது ஒரே ஒரு என்ஜினை. அதைச் சுற்றி எப்போதும் கைதேர்ந்த ஆட்கள் நின்றார்கள். தும்மினால் மருந்து, இருமினால் மருந்து என்று பார்த்துக்கொண்டார்கள். அது பரிசோதனைச் சாலையின் செல்லக் குழந்தை. வெளியே, சாதாரண ஆலையில், சாதாரணத் தொழிலாளியின் கையில், இரவும் பகலும் பாரம் இழுக்க அது இன்னும் தயாராகவில்லை.

ஆனால் உரிமை வாங்கியவர்களுக்கு அவசரம். போட்ட பணத்தை எடுக்க வேண்டுமே! டீசலும் என்ஜின் தயார் என்றே நம்பினார், பிறரையும் நம்பவைத்தார். நான்கு ஆண்டுகள் ஓர் என்ஜினோடு பொறுமையாக இருந்தவர், இப்போது பல நாடுகளில் பல என்ஜின்கள் ஒரே நேரத்தில் கிளம்புவதற்கு இடம் கொடுத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் செய்த பெரிய பிழை இதுதான் என்று சொல்ல வேண்டும்.

விலைக்குப் போன முதல் என்ஜின், கெம்ப்டன் என்ற ஊரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போயிற்று. இரண்டு சிலிண்டர், 60 குதிரை சக்தி. அது ஓடிய நேரத்தை விட நின்ற நேரந்தான் அதிகம். ஆக்ஸ்பர்க் ஆட்கள் அங்கேயே மாதக்கணக்கில் தங்கிப் பழுது பார்த்தார்கள். எண்ணெய் தெளிக்கும் குழாய் அடைத்துக்கொள்ளும். வால்வு ஒட்டிக்கொள்ளும். காற்று அடைக்கும் பம்பு தகராறு செய்யும்.

மற்ற ஊர்களிலிருந்தும் புகார் மேல் புகார். சிலர் என்ஜினையே திருப்பி அனுப்பினார்கள். ஆக்ஸ்பர்க் நகரில் டீசல் பெயரிலேயே தொடங்கிய தனித் தொழிற்சாலை விரைவிலேயே படுத்துவிட்டது. போதாக்குறைக்கு, கண்டுபிடிப்பே டீசலுடையது அல்ல என்று வழக்குப் போட்டவர்களும் உண்டு.

டீசலின் உடல் தாங்கவில்லை. தீராத தலைவலி. நரம்புத் தளர்ச்சி. 1898 இலையுதிர் காலத்தில் மூனிக்கில் ஒரு மருத்துவ விடுதியில் சேர்த்தார்கள். உலகம் அவர் பெயரைப் புகழ்ந்த நாட்களில், அவர் யாரையும் பார்க்காமல் படுத்துக் கிடந்தார்.

என்ஜின் பிழைத்தது. அதற்குக் காரணம் பூஸும் லவுஸ்டரும் மற்ற ஆக்ஸ்பர்க் என்ஜினீயர்களும். அவர்கள் விளம்பரம் தேடவில்லை. குறை வந்த ஒவ்வோர் உறுப்பையும் எடுத்துத் திருத்தினார்கள். நான்கைந்து ஆண்டுகளில் நம்பி வாங்கக்கூடிய என்ஜின் வெளியே வந்தது.

கடலை எண்ணெயில் ஓடியது

1900-ல் பாரிசில் உலகப் பொருட்காட்சி நடந்தது. டீசல் என்ஜினுக்குப் பெரும் பரிசு கிடைத்தது. அங்கே நடந்த ஒரு வேடிக்கை பலருக்குத் தெரியாது. காட்சிக்கு வைத்திருந்த என்ஜின்களில் சிறியது ஒன்றை நிலக்கடலை எண்ணெய் ஊற்றி ஓட்டினார்கள். என்ஜின் எந்த மறுப்பும் சொல்லாமல் ஓடியது. பார்த்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. பயிர் விளையும் நாடுகள் தங்கள் எண்ணெயிலேயே என்ஜின் ஓட்டிக்கொள்ளலாம் என்று டீசல் பின்னாளில் பேசியதற்கு இது ஆதாரம்.

ஏழைத் தொழிலாளிகளிடம் அவருக்கு உண்மையான பரிவு இருந்தது. சின்னப் பட்டறைக்காரர்களுக்கும் உதவும் ஒரு சிறு என்ஜின் வேண்டும் என்பது அவருடைய பழைய கனவு. தொழிலாளர்களே கூட்டாக ஆலைகளை நடத்துவது பற்றி 1903-ல் ஒரு புத்தகம் எழுதினார். பத்தாயிரம் பிரதி அச்சாயிற்று. விற்றது சில நூறு.

பண விஷயத்தில் அவருக்குச் சாமர்த்தியம் போதாது. மூனிக்கில் அரண்மனை போல ஒரு வீடு கட்டினார். நிலம் வாங்கி விற்கும் வியாபாரத்தில் பணத்தைப் போட்டார், போயிற்று. எண்ணெய்க் கிணறுகளில் போட்டார், அதுவும் போயிற்று. பங்குப் பத்திரங்களும் மதிப்பிழந்தன. வெளியே கோடீஸ்வரர் வேஷம். உள்ளே வட்டி கட்டும் கவலை. மனைவிக்குக்கூட முழு நிலைமை தெரியாது.

அதே சமயத்தில் என்ஜினின் புகழ் ஏறிக்கொண்டே போனது! 1911 டிசம்பரில் தென் துருவத்தை முதலில் அடைந்தாரே அமுண்ட்சென், அவரை ஏற்றிச் சென்ற பிராம் என்ற கப்பலில் டீசல் என்ஜின் இருந்தது. 1912-ல் செலாண்டியா என்ற டேனிஷ் கப்பல் நீராவியே இல்லாமல், டீசல் என்ஜினாலேயே பாங்காக் வரை சென்றது. கடல் வாணிபத்தில் நிலக்கரியின் காலம் முடிகிறது என்பதற்கு அடையாளம் அது.

விடியாத இரவு

1913 செப்டம்பர் 29. டீசல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அங்கே புதிய டீசல் என்ஜின் தொழிற்சாலை சம்பந்தமான அலுவல். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். கூட இரண்டு நண்பர்கள்.

மூவரும் இராச் சாப்பாடு சாப்பிட்டார்கள். மேல் தட்டில் உலாவினார்கள். பத்து மணிக்கு, காலை ஆறேகால் மணிக்குத் தம்மை எழுப்பும்படி சொல்லிவிட்டு, டீசல் தம் அறைக்குப் போனார்.

காலையில் அறையில் ஆள் இல்லை. படுக்கை கலையவில்லை. இரவு உடை எடுத்து வைத்தபடி இருந்தது. கைக்கடியாரத்தைப் படுக்கையிலிருந்து பார்க்கும்படி மாட்டியிருந்தது. கப்பல் முழுவதும் தேடினார்கள். பின்பக்கத்துக் கம்பி அருகே அவருடைய தொப்பியும் மடித்து வைத்த மேலங்கியும் கிடந்தன. அவ்வளவுதான்.

பத்து நாளைக்குப் பின், ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஒரு பிரேதத்தைக் கண்டார்கள். அடையாளம் தெரியாத அளவு அது சிதைந்திருந்தது. சட்டைப் பையில் இருந்த சில பொருட்களை எடுத்துக்கொண்டு, பிரேதத்தைக் கடலிலேயே விட்டுவிட்டார்கள். மூக்குக் கண்ணாடிக் கூடு, பேனாக் கத்தி, மாத்திரைச் சிமிழ் இவற்றைப் பார்த்து, அவை தந்தையுடையவைதான் என்று இளைய மகன் ஆய்கன் அடையாளம் சொன்னார்.

கொலையா, தற்கொலையா, தவறி விழுந்தாரா? அன்றிலிருந்து பலவிதமாகப் பேசுகிறார்கள். ஜெர்மனியின் எதிரிகளுக்கு நீர்மூழ்கிக் கப்பல் இரகசியம் போய்விடாமல் கொன்றுவிட்டார்கள் என்று கதை கட்டியவர்களும் உண்டு. அதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. புறப்படும் முன் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கும்படி சொல்லியிருந்தார். திறந்தபோது உள்ளே ரொக்கமும், பாங்கியில் பணமே இல்லை என்று காட்டும் கணக்குகளும் இருந்தன. அவர் தாமே முடிவைத் தேடிக்கொண்டார் என்று எண்ணுவோரே அதிகம். வயது 55.

வின்டர்தூர் குழந்தை

டீசல் போனார். அவர் மாணவப் பருவத்தில் கேட்ட கேள்வி போகவில்லை. நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது சரி, மிச்சம் எங்கே? அதில் பெரும்பகுதி புகைக் குழாய் வழியே சூடாக வெளியே போனது.

1879-ல் வின்டர்தூரில் பிறந்த குழந்தை ஆல்பிரட் பூக்கி, வளர்ந்து என்ஜினீயர் ஆனார். சுல்சர் தொழிற்சாலையில் டீசல் என்ஜின் ஆராய்ச்சி செய்தார். வீணாகப் போகும் சூட்டுப் புகையைப் பிடித்து ஒரு சக்கரத்தைச் சுழற்றலாம். அதே தண்டில் இன்னொரு சக்கரத்தை மாட்டி, என்ஜினுக்குள் அதிகக் காற்றைத் திணிக்கலாம் என்று அவர் கண்டார். காற்று அதிகம் போனால் எண்ணெயையும் அதிகம் எரிக்கலாம். அதே என்ஜினில் கூடுதல் சக்தி. இதுதான் டர்போ.

1905-லேயே பூக்கி இதற்குப் பேடண்டு வாங்கினார். ஆனால் நல்லபடியாக ஓடிக் காட்ட 20 ஆண்டுகள் ஆயின. 1925-ல் ஒரு டீசல் என்ஜினின் சக்தியை நூற்றுக்கு 40 பங்கு உயர்த்திக் காட்டினார். அந்தக் காலத்தில் பிராய்சன், ஹன்சஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு ஜெர்மன் பயணிக் கப்பல்களில் டர்போ பொருத்தியதும், 1,750 குதிரை சக்தி என்ஜின் 2,500 குதிரை சக்தி கொடுத்தது. 1938-ல் லாரிக்கு வந்தது. பூக்கி 1959-ல் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து, 1962-ல், அமெரிக்காவில் டர்போ வைத்த பெட்ரோல் கார்கள் விற்பனைக்கு வந்தன. டீசல் கார் 1936-லேயே மெர்சிடிஸ் கம்பெனியிலிருந்து வந்துவிட்டாலும், டர்போ வைத்த டீசல் கார் 1978-ல்தான் விலைக்கு வந்தது.

காருக்குள் இருக்கும் டர்போ உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு சக்கரந்தான். ஆனால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும்! ஆக்ஸ்பர்க்கில் முதல் என்ஜின் 88 சுற்றுச் சுற்றியதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஒரு பக்கம் நெருப்புப் புகை, மறுபக்கம் குளிர்ந்த காற்று. நடுவே உள்ள தண்டு, மயிரிழை போன்ற எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுழல்கிறது. அந்தப் படலம் அறுந்தால் தண்டும் போகும், பணமும் போகும்.

ஆகவேதான் டர்போ காரை முடுக்கியதும் ஆக்சிலேட்டரை மிதிக்கக் கூடாது. எண்ணெய் டர்போ வரை போய்ச் சேரக் கொஞ்ச நேரம் விட வேண்டும். என்ஜின் சூடேறும் வரை மெதுவாகவே போக வேண்டும். முதல் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டாமல், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுவது நல்லது. பெரிய கியரில் போட்டுக்கொண்டு, என்ஜின் திணறத் திணற மேட்டில் ஏற்றக் கூடாது. சுற்று குறைவாக இருக்கும்போது டர்போ காற்றைத் திணித்தால், புது பிஸ்டன் மேல் பாரம் அதிகம். பின்னால் பெரிய சுமையைக் கட்டி இழுக்கவும் கூடாது. மலை ஏறி வந்தோ விரைவாக ஓட்டி வந்தோ நிறுத்தினால், உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் என்ஜினைச் சும்மா ஓடவிட வேண்டும். பழுக்கக் காய்ந்த டர்போவில் எண்ணெய் நின்றுபோனால், அது கருகிக் கட்டிப்போகும்.

இந்தக் காலத்து என்ஜின்களை ஆலையிலேயே மிக நுட்பமாகச் செதுக்கிவிடுவதால், சில கம்பெனிகள் இவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை. வண்டியோடு வரும் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி நடப்பதே உத்தமம். பலர் அந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

1897-ல் பேராசிரியர் ஷ்ரோட்டர் பரிசோதித்த அந்த என்ஜின், மூனிக் நகரப் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. ஆள் உயரத்தையும் மீறிய பெரிய இரும்புத் தூண் போன்ற உருவம். ஒரே ஒரு சிலிண்டர். பக்கத்தில் பெரிய சக்கரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்து, அதன் முன் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.